ரொட்டியை விடாமலே எடை குறைக்க ஒரு ராச்சாப்பாடு

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 31, முன்பள்ளி ஆசிரியை, உயரம் 5 அடி, எடை 68 கிலோ. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. இரவில் ஓட்ஸும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பத்து மணிக்கெல்லாம் வயிறு கிள்ளுகிறது, அடுப்படியில் மூடி வைத்த ரொட்டியைத் தேடிப் போக வேண்டியதாகிவிடுகிறது. வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மாமியார் காலமெல்லாம் தேயிலை மலையில் கொழுந்து பறித்தவர். ராத்திரிக்கு ரொட்டி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காதாம். "எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. எல்லோருக்கும் ஒன்றாகச் சமைத்துக்கொண்டு நான் எப்படி மெலிவது?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, தனியாகச் சமைக்கவே வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேறு சாப்பாடு என்று தொடங்கினால் அது நீடிக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரம், பாடசாலையில் விழா வந்த வாரம், முதலில் கைவிடப்படுவது அந்தத் தனிச் சட்டிதான். நான் சொல்லப்போகும் எல்லாச் சாப்பாடும் ஐந்து பேருக்கும் சேர்த்துச் சமைப்பது. மாறுவது உங்கள் தட்டில் எது எவ்வளவு விழுகிறது என்பது மட்டும்.

முதலில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்ப்போம். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உடல் நிறைச் சுட்டெண் உங்களுக்கு 29க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 27.5க்கு மேல் போனால் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது 2004இல் வெளியானது. அதற்காக 68இலிருந்து 53க்கு இறங்கியே தீர வேண்டும் என்று மனதை வதைக்காதீர்கள். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து குறைந்தாலே இரத்த அழுத்தமும் சீனியும் நல்ல பக்கம் திரும்பும். உங்களுக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை. முதல் இலக்கு அதுவாக இருக்கட்டும். இடுப்பையும் ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, ஆண்களுக்கு 90.

உங்கள் வயது, உயரம், வேலை எல்லாம் பார்த்தால் இப்போதுள்ள எடை அப்படியே நிற்க ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,900 கலோரி போதும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி அளவு. அந்த 1,900இலிருந்து நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். போகப் போக அந்த வேகம் இன்னும் மெதுவாகும், அது இயல்புதான். அதைவிட வேகமாக இறக்கித் தருகிறோம் என்று யாராவது தூளோ மாத்திரையோ விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

அந்த 500 கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது? உங்கள் வீட்டில் என்றால் எனக்கு ரொட்டிக்கல்லிலும் தேத்தண்ணிக் கோப்பையிலும்தான் தெரிகிறது.

ரொட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. தோட்டத்தில் அரிசியும் மாவும் அளந்து கொடுத்த காலத்திலிருந்து நம் வரிசை வீடுகளான லயங்களில் அடுப்பு எரிந்தது அந்த ரொட்டிக்காகத்தான். விடிய எழும்பி, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், முதுகில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க ஏற்றம் ஏறி இறங்கியவருக்குத் தடித்த ரொட்டி இரண்டும் கட்டைச் சம்பலும் தேவைப்பட்டது. அந்த உழைப்பு அதை எரித்துவிட்டது. இன்று நீங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், கூடையைச் சுமக்கவில்லை. ஆனால் ரொட்டியின் அளவு மாமியார் காலத்து அளவாகவே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான தடித்த ரொட்டி ஒன்றுக்கு 100 கிராம் கோதுமை மா போகும். அதுவே 360 கலோரி. ஒரு பிடி தேங்காய்ப்பூ, கல்லில் தடவும் எண்ணெய் எல்லாம் சேர்த்தால் 450க்கு மேல். இரண்டு ரொட்டி, கூடவே தாராளமாக இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ச் சம்பல் என்றால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஒரு நாள் முழுவதுக்கும் தேவையானதில் பாதி, ராத்திரி ஒன்பது மணிக்கு, படுக்கப் போகும் முன்னால். அதில் மரக்கறியும் இல்லை, அவ்வளவு கலோரிக்கு ஏற்ற புரதமும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இது. குரக்கன் மாவுக்கோ ஆட்டா மாவுக்கோ மாறினால் எடை தானாகக் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 330 கலோரி இருக்கிறது, கோதுமை மாவைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் நன்மை வேறு. நார்ச்சத்து கூட, கல்சியம் நிறைய, மெதுவாகச் செரிக்கும், அதனால் பசி எடுக்க நேரமாகும். அந்தப் பசி தாங்கும் குணத்துக்காகத்தான் நான் குரக்கனைச் சேர்க்கச் சொல்கிறேன். நான்கு குரக்கன் ரொட்டி சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும்.

சரி, ரொட்டி நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். கால் கிலோ கோதுமை மா, கால் கிலோ குரக்கன் மா, துருவிய கரட் இரண்டு, மெல்லியதாக அரிந்த லீக்ஸ் ஒன்று, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, அளவான உப்பு, பிடித்தால் பச்சை மிளகாய். இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து அரை மணி நேரம் மூடி வைத்தால் குரக்கன் வெடிக்காமல் தட்டலாம். எட்டு உருண்டை வரும். முன்பு ஐந்து ரொட்டிக்குப் போன மா இப்போது எட்டு ரொட்டிக்கு. மெல்லியதாகத் தட்டி, எண்ணெய் தடவாத காய்ந்த கல்லில் மூடி போட்டுச் சுட்டால் மரக்கறி ஈரத்திலேயே மெத்தென்று வரும். கணவருக்கு மூன்று, மாமியாருக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, உங்களுக்கு ஒன்று.

ஒன்று போதுமா என்று கேட்பீர்கள். தனியாகத் தின்றால் போதாது. அதோடு பருப்பை மாற்ற வேண்டும். தண்ணீர் மாதிரி ரொட்டி நனைக்க ஊற்றும் பருப்பு இல்லை, கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் கெட்டிப் பருப்பு. ஐந்து பேருக்கு 200 கிராம் மைசூர் பருப்பு எடுங்கள். மஞ்சள், ஆறேழு பல்லு வெள்ளைப்பூடு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு தக்காளி போட்டு அவிய விட்டு, பாதி வெந்ததும் கரட், லீக்ஸ், பூசணித் துண்டு, நோக்கோல், வீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பருப்பைவிட இரண்டு மடங்கு அளவுக்குப் போடுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை தாளித்துக் கொட்டி இறக்கும்போது தேசிக்காய் பிழியுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு பெரிய கோப்பை நிறைய. அவித்த முட்டை ஒன்று பக்கத்தில். எல்லாம் சேர்த்து 500 கலோரி அளவில் நிற்கும், இருபது கிராம் புரதத்துக்குக் கிட்ட வரும். ஓட்ஸ் குடித்த நாளில் பத்து மணிக்கு வந்த பசி இந்த நாளில் வராது. ஓட்ஸ் கெட்டது என்பதில்லை. அரைக் கோப்பை ஓட்ஸும் வெள்ளரிக்காயும் ஒரு பெரிய ஆளுக்கு ராச்சாப்பாடு ஆகாது, அவ்வளவுதான். உடம்பு மிச்சத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

மாமியாருக்குச் சம்பல் இல்லாமல் முடியாது என்றால் சம்பல் இருக்கட்டும். அன்றைக்கு வேறெதிலும் தேங்காய் சேர்க்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்ப் பண்டம் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் விதி. நடுத்தரத் தேங்காய் ஒன்றை முழுவதும் திருவினால் ஆயிரம் கலோரிக்குக் குறையாது. பருப்பில் பால், ரொட்டியில் பூ, பக்கத்தில் சம்பல், கீரையிலும் தேங்காய் என்று போனால் ஐந்து பேர் வீட்டில் ஒரு தேங்காய் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். தேங்காயை விடச் சொல்லவே மாட்டேன், அது நம் கறியின் உயிர். கறிக்குப் பால் வேண்டிய நாளில் கட்டிப்பாலை மாமியாரிடம் விட்டுவிடாமல் நீங்களே பிழிந்து, இரண்டாம் பாலில் கறியை வேக வைத்து, முதல் பாலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மட்டும் கடைசியில் சேர்த்தால் ருசி குறையாது.

சோற்று நாள் இன்னும் எளிது. பகலில் ஆக்கிய சோற்றிலிருந்து உங்களுக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு எடுத்து வையுங்கள். அது 200 கலோரி. சிவப்பரிசி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நாட்டரிசியே போதும். அரிசியை மாற்றுவதைவிட அளவைக் கட்டுவதுதான் வேலை செய்யும். தட்டில் முதலில் மரக்கறியைப் போடுங்கள், பாதித் தட்டு நிறைய. பிறகு மீனோ முட்டையோ பயறோ கால் தட்டு. மிஞ்சிய கால் தட்டுக்குச் சோறு. சோற்றை முதலில் குவித்துவிட்டுக் கறியைச் சுற்றி வைக்கும் பழக்கத்தில் அளவு எப்போதும் தப்பும்.

உருளைக்கிழங்கைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெலிமடையும் நுவரெலியாவும் பக்கத்தில் இருப்பதால் கிழங்கு நம் வீட்டில் எப்போதும் இருக்கும், மரக்கறி என்று நினைத்துச் சோற்றோடு கிழங்குக் கறி போட்டுக்கொள்கிறோம். கிழங்கு சோற்றுக் கணக்கில் வரும். அது கெட்ட சாப்பாடும் அல்ல. அவித்த கிழங்கு 100 கிராமில் 90 கலோரிக்கும் குறைவு, வயிற்றை நன்றாக நிரப்பும். சோற்றுக்குப் பதிலாக இரண்டு நடுத்தரக் கிழங்கை அவித்து, மிளகுத்தூளும் தேசிக்காயும் போட்டுச் சாப்பிடும் நாளும் வைத்துக்கொள்ளலாம். சோறும் கிழங்கும் ஒன்றாகத் தட்டில் விழாமல் பார்த்தால் போதும். மரவள்ளிக்கும் ஈரப்பலாவுக்கும் இதே கதைதான்.

மலைநாட்டில் இருப்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கொழும்பில் விலை கேட்டுத் திரும்பும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீட்ரூட், நோக்கோல் எல்லாம் நம் காலடியில் விளைகிறது. கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறி லொறியாகப் போவது நம் பக்கத்து மரக்கறிதான். ஞாயிற்றுச் சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் வளைந்த கரட்டும் வெடித்த கோவாவும் மலிவாகக் கிடைக்கும், சத்தில் ஒரு குறையும் இல்லை. கோவா 100 கிராமில் 25 கலோரி, போஞ்சியில் 30, கரட்டில் 40. வயிறு நிறையச் சாப்பிட்டாலும் ஒரு ரொட்டிக் கணக்கு வராது. லீக்ஸை மட்டும் நீளவாக்கில் கீறி இதழ் இதழாகக் கழுவுங்கள், மண் உள்ளே தங்கியிருக்கும்.

குளிருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பச்சை மரக்கறிச் சாலட் சாப்பிடச் சொல்லும் காணொளிகளை நம் ஊர் இரவுக்கு அப்படியே எடுக்க முடியாது. மழை தூறி, பனிமூட்டம் இறங்கி, கை விறைக்கும் நேரத்தில் யாருக்கும் வெள்ளரிக்காய் இறங்காது. உடம்பு சூடான, கெட்டியான ஒன்றைத்தான் கேட்கும். அதனால் மரக்கறியைச் சூடாகவே கொடுங்கள்.

அதற்கு நான் மிகவும் விரும்பிச் சொல்வது பாசிப்பயற்றுக் கஞ்சி. ஐந்து பேருக்கு 200 கிராம் பாசிப்பயறு, 100 கிராம் சிவப்புப் பச்சையரிசி. இரண்டையும் வறுத்துக்கொண்டால் வாசம் வரும். இஞ்சி, வெள்ளைப்பூடு நசுக்கிப் போட்டுக் குழைய அவித்து, கடைசியில் ஒரு கட்டு வல்லாரையை மிகப் பொடியாக அரிந்து, அல்லது அரைத்துப் பிழிந்த சாற்றாக விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். அதிகம் கொதித்தால் பச்சை நிறமும் போகும், கசப்பும் தட்டும். பொன்னாங்காணியும் சேரும். காலையில் கஞ்சி குடித்துப் பழகியவர்கள் இரவில் கஞ்சியா என்பார்கள். குளிர்காலத்து ராத்திரிக்கு இதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கோப்பையில் மட்டும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுங்கள். பெரியவர்களுக்குப் பக்கத்தில் வறுத்த நெத்தலி இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பயறு, கடலை, கௌபி எதுவானாலும் மேட்டுப்பகுதியில் வேக நேரமெடுக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. பொகவந்தலாவையும் உயரமான இடம்தான். காலையில் பாடசாலைக்குப் போகும் முன் சுடுதண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, மாலையில் பிரஷர் குக்கரில் வைத்தால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். குக்கர் இல்லாத வீட்டில் மைசூர் பருப்புதான் வசதி, அது ஊறாமலே வேகும்.

புரதத்துக்கு இறைச்சி வாங்க வேண்டிய கட்டாயமில்லை. டின் மீன் 425 கிராம் டின் ஒன்றில் 280 கிராம் அளவு மீன் இருக்கும். டின்னிலுள்ள உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு தரம் அலசி, போஞ்சியோடும் தக்காளியோடும் பிரட்டினால் ஐந்து பேருக்கும் வரும். சோயா மீட் காய்ந்த நிலையில் அரைவாசி புரதம், விலையும் தாங்கும். கொதிதண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, வீட்டுத் தூள் போட்டுச் சமையுங்கள். பைக்கற்றுக்குள் வரும் சுவைத்தூளில் உப்பு மிக அதிகம், அதைப் போடாதீர்கள். நெத்தலியைச் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் உப்பு நிறையப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு தேக்கரண்டிதான். கருவாடு, டின் மீன், சூப் கட்டி மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அது தாண்டிவிடும். மாமியார் வயதில் இரத்த அழுத்தம் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலை முடிந்து களைத்து வரும் நாளுக்கு ஒன்று சொல்கிறேன். அரைக் கோவாவை மெல்லியதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோடு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, பாதி வெந்ததும் ஆறு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, மிளகுத்தூள் தூவுங்கள். பதினைந்து நிமிஷத்தில் முடியும். அவர்களுக்குப் பாணோடு, உங்களுக்கு ஒரு துண்டு பாணும் இரண்டு மடங்கு கோவாவும். இடியாப்ப நாளில் நான்கு அல்லது ஐந்து சிறிய இடியாப்பம், இரண்டாம் பாலில் வைத்த முட்டைச் சொதி, ஒரு கீரை. பிட்டில் தேங்காய் ஏற்கனவே இருப்பதால் அன்று பால் கறி வேண்டாம். கடைக் கொத்து ரொட்டியும் பிரைட் ரைசும் மாதத்தில் ஒரு நாள் வந்தால் வரட்டும், பாதியை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

கீரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலி ஓரத்திலும் பீலிக்கரையிலும் கிடைக்கும் கீரையைப் பறிப்பது நல்ல பழக்கம், ஆனால் தேயிலை மலைக்குள் களைக்கு மருந்தடிக்கும் இடத்தில் பறிக்க வேண்டாம். மருந்து அடித்தது பார்த்தால் தெரியாது. லயத்துக்குப் பின்னால் நாலு சாக்கில் மண் நிரப்பி வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டால் வாரத்துக்கு இரண்டு முறை பறிக்கலாம். கீரைச் சுண்டலுக்குத் தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி போதும், கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இப்போது தேத்தண்ணி. கேட்டால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. சேர்த்த சீனியை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து வீதத்துக்குக் கீழே, முடிந்தால் ஐந்து வீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு அந்த ஐந்து வீதம் 25 கிராம் அளவு. ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், பிறகு ஒன்றாக்கி இரண்டு வாரம். நாக்கு பழகிவிடும். நம் மலைத் தேயிலைக்குச் சீனியில்லாமலே வாசம் உண்டு, அது தெரிய ஆரம்பிக்கும்போது நீங்களே குறைப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ராச்சாப்பாடு முடிந்ததும் சுடச்சுடப் பிளேன்டீ குடிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுப்பதைத் தேயிலையின் துவர்ப்புத் தடுத்துவிடும். நம் பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்கள் நிறைய. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். இரத்தம் குறைவாக இருந்தால் களைப்பு வரும், நடக்க மனம் வராது, இனிப்பைத் தேடும். அதை உடம்பு பெருத்ததால் வந்த சோம்பல் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

மாலை ஐந்து மணிக்கு வீடு வந்ததும் பால் தேத்தண்ணியோடு பணிஸோ நாலைந்து பிஸ்கட்டோ சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ரொட்டி சாப்பிட்டால் உண்மையில் இரண்டு ராச்சாப்பாடு. அந்த ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி அவித்த கடலையோ கௌபியோ வையுங்கள், தாளித்து, வெங்காயம் தூவி. பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அடுப்பை ஆறரைக்குப் பற்ற வைத்து ஏழரைக்குள் சாப்பாட்டை முடிக்கப் பாருங்கள். இரவில் தாமதமாகச் சாப்பிட்டாலே கொழுப்பாகிவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, முழு நாளின் அளவுதான் கணக்கு. தாமதமானால் பசி முற்றும், பசி முற்றினால் அளவு தப்பும், அதற்காகத்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் மிகக் கண்டிப்பு. உங்கள் எடைக்காக அவர்கள் தட்டில் எதையும் குறைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம் அளவு. ஒரே வீட்டில் தாய் பருத்தும் பிள்ளை வாடியும் இருப்பதை நம் ஊர்களில் பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரு முக்கியக் காரணம், மாச்சத்து மட்டும் நிறைந்த தட்டு. ஆகவே முட்டையும் பயறும் நெத்தலியும் வாங்கும் காசு உங்களுக்கு மட்டும் போகவில்லை. பிள்ளைக்கு முழு முட்டை, விரும்பிய அளவு ரொட்டி, தேங்காய்ப்பால் விட்ட கறி எல்லாம் இருக்கட்டும்.

மாமியார் நீரிழிவுக்குக் கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், அவருடைய சாப்பாட்டைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டு மாற்றுங்கள். நீங்கள் இன்னும் பால் கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தால் இந்த 500 கலோரிக் குறைப்பு வேண்டாம். சீனியையும் எண்ணெயையும் குறைத்து, பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டினால் போதும், இறக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடையை வாரத்துக்கு ஒரு தரம், ஒரே நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். மாதவிடாய்க்கு முன்னால் தண்ணீர் தேங்கி ஒரு கிலோ வரை ஏறிக் காட்டலாம், அதைப் பார்த்துச் சோர வேண்டாம். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றுமே அசையவில்லை, கூடவே முடி கொட்டுகிறது, குளிர் தாங்கவில்லை, மாதவிடாய் தள்ளிப் போகிறது என்றால் தைரொயிட்டையும் ஹீமோகுளோபினையும் பரிசோதிக்கச் சொல்லி அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எடை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையமும் இருக்கும். போகும்போது கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.